போட்டுக்கே 61 நாள் ஓய்வு உண்டு: ஒத்தையா புள்ளை வளக்குற அம்மாக்களுக்கு

நம்ம பக்கம் ஏப்ரல் 15 ஆச்சுன்னா விசைப்படகு எல்லாம் கரைக்கு வந்துரும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கடலுக்கு போகக்கூடாது. அந்த நேரத்துல பாம்பன், மண்டபம் பக்கம் வந்து பாத்தீங்கன்னா போட்டை கரையில ஏத்தி அடியில ஒட்டிக் கெடக்குற சிப்பியை சுரண்டி, பலகை மாத்தி, பெயிண்ட் அடிச்சு, எஞ்சினை கழட்டி மாட்டின்னு ஒரே வேலையா இருக்கும். மீன் குஞ்சு பொரிக்கணும்னு போட்ட தடை தான், ஆனா போட்டுக்கு அது தான் வைத்தியம் பாக்குற காலம். ஒரு வருசம் அப்படி ஒரு போட்டை சுரண்டிக்கிட்டு இருக்கையில அந்த வழியா நடந்து வந்த நான், தலை சுத்தி மணல்லயே உக்காந்துட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைக, பொண்ணு ஏழாவது, பையன் மூணாவது. அவரு போயிட்டாரு (செத்துப் போகல, போயிட்டாரு, அவ்வளவு தான்). நண்டு கம்பெனியில வேலை, வேக வச்ச நண்டுல இருந்து சதை எடுக்குறது, கிலோ கணக்குக்கு கூலி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 7.4. பொம்பளைக்கு குறைஞ்சது 12 இருக்கணும். நர்சம்மா கேட்டாங்க, காலையில என்ன சாப்ட்டன்னு. டீ. நேத்து காலையில? டீ.

இந்த நிலைமைக்கு புதுசா வந்திருக்குற அம்மாக்களுக்கு தான் இதை எழுதுறேன், புருசன் தவறிப்போய் இருக்கலாம், பிரிஞ்சு இருக்கலாம், வெளிநாடு போனவரு போன் எடுக்காம இருக்கலாம், காரணம் எதுவா இருந்தாலும் வேலை ஒண்ணு தான். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு யோகா பண்ணு, முகத்துக்கு இதைப் பூசுன்னு எல்லாம் நான் சொல்லப் போறது இல்ல, அது ஆள் வச்சு வேலை பாக்குறவங்களுக்கு. ஒரே நேரத்துல எல்லாத்தையும் ஆரம்பிக்கவும் வேணாம். ஒண்ணு பழகி ஒரு ரெண்டு வாரம் ஆனதும் அடுத்தது.

முதல் வாரம்: ஒண்ணும் மாத்தாதீங்க, எழுதி மட்டும் வைங்க

தினசரி காலண்டர் கிழிக்கிற தாள் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி மூணே விசயம் எழுதுங்க. எத்தனை மணிக்கு சாப்ட்டேன், எத்தனை மணிக்கு படுத்தேன், எத்தனை மணிக்கு எந்திரிச்சேன். ஏழு நாள். நான் எழுதிப் பாத்தப்ப தான் தெரிஞ்சுச்சு, ராத்திரி ஒன்பதுக்கு சாப்பிட்டுட்டு அடுத்த சாப்பாடு மறுநாள் மதியம் ரெண்டு மணிக்கு சாப்பிடுறேன்னு, நடுவுல பதினேழு மணி நேரம் டீயும் ரெண்டு பன்னும். நோன்பு வச்சா கூட சஹர் சாப்பாடுன்னு ஒண்ணு உண்டுன்னு எங்க கூட வேலை பாக்குற கீழக்கரை அக்கா சிரிச்சாங்க.

காலையில உக்காந்து சாப்பிடுறது

இது தான் இருக்குறதுலயே பெருசு, மத்ததெல்லாம் பின்னாடி. அரசு பள்ளியில ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் காலை உணவு வந்ததுல நமக்கு பெரிய பாரம் இறங்குச்சு, ஆனா அதுல ஒரு சிக்கலும் வந்துச்சு பாருங்க, புள்ளைக்கு பள்ளிக்கூடத்துல சாப்பாடு கெடைக்குதுன்னு நாம காலையில அடுப்பே பத்த வைக்கிறது இல்ல. பத்த வைக்கலன்னா நமக்கும் இல்ல. நமக்குன்னு தனியா சமைக்க நம்ம ஊர்ல எந்தப் பொம்பளைக்கு மனசு வரும், எனக்கும் வராது. அதனால சமைக்காமலே சாப்பிட வழி பண்ணிக்கணும்.

ராத்திரி வடிக்கிறப்பவே ஒரு ஆழாக்கு சேத்து வடிச்சு தண்ணி ஊத்தி வச்சிருங்க. வெள்ளனே எந்திரிச்சு பழைய சோத்தைப் பிசைஞ்சு கொஞ்சம் மோர், சின்ன வெங்காயம் நாலு, நேத்து மீன் குழம்பு சுண்டுனது இருந்தா அது. அஞ்சு நிமிசம், ஆனா உக்காந்து. நின்னுக்கிட்டே வாயில போட்டுக்கிட்டு தலை சீவி விடுறது கணக்குல சேராது. வாரத்துல ரெண்டு மூணு நாள் சோத்துக்கு பதில் கேப்பை (கேழ்வரகு) கூழ் வச்சுக்கலாம், ஞாயித்துக்கிழமை கரைச்சு புளிக்க வச்சு காய்ச்சி ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாளைக்கு வரும், ஃபிரிட்ஜ் இல்லாட்டி அன்னன்னைக்கு தான். 100 கிராம் கேப்பையில 340 மில்லிகிராமுக்கு கிட்ட கால்சியம் இருக்கு, முப்பது தாண்டுன பொம்பளைக்கு எலும்பு ஒரு பக்கம் தேஞ்சுக்கிட்டே இருக்கும்ல, பால் வாங்க முடியாத மாசத்துல இது தான் நம்ம பால்.

மீன் விசயத்துல நாம கொடுத்து வச்சவங்க. ஆனா நல்ல மீனை வித்துட்டு, மிச்சத்தை புள்ளைகளுக்கு வச்சுட்டு, தலையும் குழம்பும் தான் நம்ம தட்டுக்கு வரும். வாரத்துல ரெண்டு தடவை சாளை (மத்தி), நெத்திலி, காரல் மாதிரி மலிவான மீனா பாத்து உங்களுக்குன்னு ஒரு பங்கு எடுத்து வச்சிருங்க, சாளையில இதயத்துக்கு நல்ல கொழுப்பு உண்டு, நெத்திலிய முள்ளோட திங்கிறதால அதுல கால்சியம் உண்டு. புள்ளை பெத்தவளுக்கு காரப்பொடி மீன் குழம்பு வச்சுக் குடுப்பாங்கல்ல, பெத்து பத்து வருசம் ஆனாலும் நாம புள்ளை பெத்தவ தானே.

கருவாடு மேல எனக்கு உசுரு, அதனால இதைச் சொல்ல கஷ்டமா தான் இருக்கு. ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு டீஸ்பூன் உப்பு, அஞ்சு கிராம், அதுக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நல்ல உப்புக் கருவாடு ரெண்டு துண்டும் ஊறுகாயும் வச்சு சாப்ட்டா அதுலயே பாதிக்கு மேல போயிரும். சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊறப் போட்டு தண்ணிய ரெண்டு தடவை கொட்டிட்டு சமைங்க, குழம்புக்கு தனியா உப்பு போடாதீங்க. பிரஷர் இருக்குறவங்க மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவையோட நிறுத்திக்கங்க. அப்புறம் கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு நம்ம பனங்காட்டுப் பக்கம் ஒரு நம்பிக்கை சுத்துது. ஏறும். கருப்பட்டி நல்லது தான், ஆனா அதுவும் சர்க்கரை தான்.

ரத்தம்

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் காசு இல்லாம பாப்பாங்க. 12க்கு கீழ இருந்தா மாத்திரை குடுப்பாங்க, அதை எப்படி சாப்பிடுறதுன்னு தான் நிறைய பேருக்கு தெரியல, நானே மூணு மாசம் டீயோட முழுங்கி வீணாக்கினேன். டீ காபி அந்த இரும்பை உடம்புல சேர விடாது, மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது. கால்சியம் மாத்திரையையும் அதோட சேத்துப் போடாதீங்க, ஒண்ணு காலையில ஒண்ணு ராத்திரின்னு பிரிச்சுக்கங்க. எலுமிச்சை தண்ணி, நெல்லிக்காய், கொய்யா இதுல எதோட சாப்ட்டாலும் நல்லா சேரும். வெளிக்கு கறுப்பா போகும், பயந்து நிறுத்தாதீங்க, அது அப்படித்தான். வயிறு பிடிச்சுக்கிட்டா, பிரட்டுனா சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமான்னு கேளுங்க. 12 வந்தவுடனே நிறுத்துறது இன்னொரு தப்பு, உடம்பு உள்ளுக்குள்ள சேமிச்சு வைக்கிற வரைக்கும் இன்னும் ஒரு மூணு மாசம் போகணும்னு சொல்லுவாங்க. முருங்கைக்கீரை நம்ம வீட்டு கொல்லையிலயே நிக்குது, உருவி பருப்போட போட்டுக்கங்க, ஆனா 7ல இருக்குற ரத்தத்தை கீரை மட்டும் 12 ஆக்காது.

மாசாமாசம் ரெத்தப்போக்கு ஏழு நாளைக்கு மேல போகுதுன்னாலோ, கட்டி கட்டியா போகுதுன்னாலோ, மணிக்கு ஒரு பேடு நனையுதுன்னாலோ ஓட்டையை அடைக்காம வாளியில தண்ணி ஊத்துற கதை தான், அதை டாக்டர்கிட்ட சொல்லணும். எனக்கு அது தான் இருந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு வருசம் சொல்லல.

தண்ணியும் ஒண்ணுக்கும்

சின்ன விசயம் மாதிரி தெரியும். நம்ம கடலோரத்துல குடத்துத் தண்ணி காசு, போர் தண்ணி உப்பு, அதனால குடிக்கிற தண்ணியில நாமளா ஒரு கை குறைச்சுக்கிறது பழக்கம் ஆயிருச்சு. வேலை பாக்குற இடத்துல கக்கூஸ் சரியில்லன்னு இன்னும் குறைக்கிறோம். கடல் பாசி எடுக்கப் போற அக்காமாரு காலையில தீவுப் பக்கம் வள்ளத்துல போனா மதியம் வரைக்கும் அங்கிட்டு தான், பஸ் ஸ்டாண்டுல மீன் விக்கிறவங்க நெலமையும் அதே தான். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வரும், எரிச்சல், அடிவயித்து வலி, காய்ச்சல், கண்டுக்காம விட்டா கிட்னி வரைக்கும் போகும். ஒண்ணுக்கு எலுமிச்சை ஜூஸ் மாதிரி வெளிறி போகணும், டீ கலர்ல போச்சுன்னா தண்ணி பத்தல. ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு, வேலைக்குள்ள ஒண்ணு வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு, வெயில் நாள்ல இன்னும் ஒண்ணு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆகணும். எங்க கம்பெனியில நாங்க பதினோரு பேர் சேந்து போய் சூப்பர்வைசர்கிட்ட கதவுக்கு தாப்பா போடச் சொல்லி வாங்கினோம், ஒத்தை ஆளா கேட்டிருந்தா நடந்திருக்காது.

தூக்கம்

ஏழு மணி நேரம் தூங்கணும்னு சொல்றாங்க, எனக்கும் தெரியும், ஆனா கம்பெனி வண்டி அஞ்சரைக்கு வந்து நிக்கும். அதனால நான் பண்ணது எந்திரிக்கிற நேரத்தை விட்டுட்டு படுக்குற நேரத்தை பிடிச்சேன். புள்ளைக படுத்ததுக்கு அப்புறம் தான் நமக்குன்னு நேரம்னு போனை எடுத்தா அது பதினொண்ணரை வரைக்கும் இழுத்துட்டுப் போயிரும், அந்த நேரம் இனிக்கும், எனக்குத் தெரியாதா. போனை சமையல் ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு பழைய அலாரம் கடிகாரம் ஒண்ணு வாங்கி தலைமாட்டுல வச்சேன். நாளைக்கு வேணும்ங்கிற யூனிஃபார்ம், பை, அரிசி எல்லாம் எட்டு மணிக்கே எடுத்து வைக்க பொண்ணுக்கும் பையனுக்கும் பங்கு பிரிச்சு விட்டேன். பாத்திரம் கழுவுறது பையன் வேலை. ஆம்பளப் பயலை பாத்திரம் கழுவ விடுறியான்னு எங்க அத்தை ஒரு வாரம் பேசல. பத்து மணிக்கு லைட் ஆஃப். ஞாயித்துக்கிழமை மதியம் அரை மணி நேரம் கதவைச் சாத்திட்டு படுப்பேன், வீட்டுல தீப்பிடிச்சா மட்டும் எழுப்புங்கன்னு சொல்லிருக்கேன்.

உடம்பை அசைக்கிறது

நாள் முழுக்க வேலை தானே பாக்குறேன், தனியா எதுக்கு எக்சர்சைஸ்னு கேப்பீங்க. எட்டு மணி நேரம் ஒரே இடத்துல நிக்கிறது எக்சர்சைஸ் இல்ல, அது தண்டனை, கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு வரும். நின்ன இடத்துலயே குதிகாலைத் தூக்கி இறக்குறது, மணிக்கு ஒரு தடவை இருபது. ஐஸ்லயே கெடக்குற விரலை டீ டைம்ல வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு மூடித் திறக்குறது. குடத்தை இடுப்புல ஒரே பக்கம் வைக்காம பக்கம் மாத்தி வைக்கிறது, தள்ளுவண்டி இருந்தா வெக்கப்படாம வண்டி.

சாயங்காலம் புள்ளைகளை கூட்டிக்கிட்டு வடகடல் பக்கம் அரை மணி நேரம் வேகமா நடப்பேன், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தென்கடல் பக்கம் மணலா மூஞ்சில அடிக்கும், வடகடல் சும்மா குளம் மாதிரி கெடக்கும். வாரத்துக்கு அஞ்சு நாள் முடியாட்டி மூணு நாள்.

இன்னொண்ணு, யாரும் பேச மாட்டாங்க, நான் பேசிர்றேன். தும்முனா, சிரிச்சா, குடம் தூக்குனா ஒண்ணுக்கு சொட்டுதுல்ல? புள்ளை பெத்தவளுக்கு அதெல்லாம் சகஜம்னு விடாதீங்க. ஒண்ணுக்கு பாதியில அடக்குற மாதிரி அந்த இடத்துச் சதையை இறுக்கி அஞ்சு எண்ணி விடணும், பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை, பஸ்ல உக்காந்துக்கிட்டே பண்ணலாம், ஒருத்தருக்கும் தெரியாது. நெசமா ஒண்ணுக்கு போறப்ப பண்ணாதீங்க. மூணு மாசம் விடாம பண்ணா வித்தியாசம் தெரியும், தெரியாட்டி டாக்டர்.

மனசு

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம்னு ஓலைக் கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தவங்க, தீப்பிடிச்சப்ப ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. நம்ம கடலோரத்துல மனசு சரியில்லன்னு வாயைத் திறக்கவே பயப்படுறதுக்கு அந்த சங்கிலி ஒரு காரணம்னு எனக்கு தோணும். இப்ப அந்த ஏர்வாடியிலயே தர்காவுக்கு வேண்டிக்கிட்டு வர்றவங்களுக்கு துஆவோட (பிரார்த்தனையோட) சேத்து அரசாங்க டாக்டர் மருந்தும் குடுக்குற திட்டம் நடக்குது. நாம தான் இன்னும் பழைய பயத்துலயே இருக்கோம்.

அழுறது வியாதி இல்ல. அழுதுட்டு எந்திரிச்சு சோறு வடிச்சா அது துக்கம், வந்துட்டுப் போகும். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டல, தூக்கம் வரல இல்ல எந்நேரமும் தூக்கம், புள்ளை மேல காரணம் இல்லாம கை நீளுது, நாம இல்லாட்டி நல்லா இருக்கும்னு தோணுதுன்னா அது வேற, அதுக்கு ஆள் வேணும். 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு பேரு, காசு இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். வீட்டுல அடி உதை, பயம்னா 181. நான் 14416க்கு ஒரு தடவை அடிச்சிருக்கேன், முதல் அஞ்சு நிமிசம் அழுக மட்டும் தான் செஞ்சேன், அந்தப் பக்கம் இருந்த பொண்ணு போனை வைக்கல.

அதோட ஒரு ஆளாவது வேணும். கண்டவங்ககிட்டயும் கதையைச் சொல்ல வேணாம், ஊருக்குள்ள அது மறுநாளே ஏலக்கடையில ஏறிரும். என் ஆளு அந்த கீழக்கரை அக்கா. அவங்க புள்ளைக்கு காய்ச்சல்னா என் பொண்ணு போய் உக்காந்திருப்பா, எனக்கு ரத்தம் பாக்கப் போகணும்னா என் புள்ளைகளுக்கு அவங்க ஆணம் (குழம்பு) வச்சு அனுப்புவாங்க. வாங்கிக்க கூச்சமா இருக்கும், திருப்பி ஏதாவது செஞ்சா கூச்சம் போயிரும்.

காசு, சுருக்கமா

தூக்கம் கெடுறதுல பாதி இதனால தான், அதனால இங்க வருது. மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000 வருதான்னு பாருங்க. விதவை ஓய்வூதியம், கணவனால் கைவிடப்பட்டவங்களுக்கான ஓய்வூதியம் ரெண்டும் மாசம் 1200, கைவிடப்பட்டவங்கன்னா 30 வயசு ஆகியிருக்கணும், பிரிஞ்சு அஞ்சு வருசம் ஆகியிருக்கணும் இல்ல கோர்ட்டு பேப்பர் இருக்கணும், மனு இ-சேவையில போடலாம். அதிகம் பேருக்கு தெரியாதது ஒண்ணு இருக்கு, மிஷன் வாத்சல்யா, தகுதி இருந்தா ஒரு புள்ளைக்கு மாசம் 4000, விவரத்துக்கு ராமநாதபுரத்துல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ல போங்க, நமக்கு டிக்கெட் இல்ல. வாரவசூல் குழு லோன் எடுத்து இன்னொரு குழு லோனை அடைக்கிறதை மட்டும் செய்யாதீங்க, கதவு தட்டுற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், அதுக்கு மாத்திரை கெடையாது.

தடைக்காலத்துல நம்ம செக்கப்

இதை நான் இப்ப நாலு வருசமா பண்றேன். ஏப்ரல், மே ஆனா கம்பெனியில நண்டு வரத்து பாதியாகிரும், எப்படியும் வேலை இல்லாத நாள் நெறைய வரும், அதுல ஒரு நாள் எனக்கு. போட்டு கரையேறுன வாரமே போயிருவேன். 30 வயசு தாண்டிட்டா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பிரஷர், சுகர், மார்புல கட்டி இருக்கா, கர்ப்பப்பை வாய் சோதனை நாலும் சும்மா பாப்பாங்க. கடைசி சோதனைக்கு தான் நெறைய பேர் பாதியில எந்திரிச்சு வந்துர்றோம். அஞ்சு நிமிசம் தான், வலி பெருசா இல்ல, கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், நர்சம்மா பொம்பளை தான். அங்க உக்காந்திருக்கையில என் பக்கத்துல இருந்த ஒரு தங்கச்சி, எனக்கு ஒண்ணும் இல்லக்கா, எதுக்கு பாக்கணும்ன்னா. ஓட்டை விழுந்ததுக்கு அப்புறமா போட்டை ஏத்துவாங்கன்னு கேட்டேன், சிரிச்சுட்டு உள்ள போனா.

பிரஷர் 140க்கு 90க்கு மேல வந்தா ஒரு தடவையோட முடிவு பண்ணாம வேற நாள்லயும் பாக்கச் சொல்வாங்க, போங்க. மாத்திரை எழுதிட்டாங்கன்னா மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க, லீவு போட வேண்டியது இல்ல. மார்பை நீங்களே மாசம் ஒரு தடவை, தீட்டு முடிஞ்சு நாலஞ்சு நாள்ல குளிக்கிறப்ப சோப்புக் கையோட தடவிப் பாருங்க, கட்டி, பள்ளம், காம்புல நீர் எது தெரிஞ்சாலும் அடுத்த தடைக்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க.

கால் வெடிப்பு ஒண்ணு விட்டுப்போச்சு. உப்புத் தண்ணியிலயும் ஐஸ் தண்ணியிலயும் நின்னு குதிகால் பாளம் பாளமா வெடிக்கும், அதுல நண்டு ஓடு குத்துனா சீழ் வைக்கும், சுகர் இருக்குறவங்களுக்கு ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு, படுக்கப் போறப்ப தேங்கா எண்ணெய் தடவி சாக்ஸ் மாட்டிக்கணும். நான் பையனோட ஸ்கூல் சாக்ஸை தான் இழுத்து மாட்டிக்கிறேன். காலையில தேடுவான், எண்ணெய் பிசுக்கா இருக்குன்னு கத்துவான், அதுக்குள்ள கம்பெனி வண்டி வந்துரும்.